99 விழுக்காடு

என் மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்று மூன்று ஆண்டுகளாக நான் புலம்பாத இடமில்லை. அதை மெதுவாக்கியவன் நானேதான் என்பதைக் கண்டுபிடிக்க, பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகனுக்கு ஐந்து நிமிடங்கள்கூடத் தேவைப்படவில்லை. 2025 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தவன், நான் ஜிடிஏ 5 விளையாடுவதைப் பின்னால் நின்று சற்று நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இது என்ன சார்ஜர் போடாம ஓடுதா?" என்று கேட்டான். சார்ஜர் செருகித்தான் இருந்தது. அவன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ப்ராசசரின் வேகத்தைக் காட்டும் எண்ணை உற்றுப் பார்த்தான். "2.5-ஐத் தாண்டவே மாட்டேங்குது. என்னோடதும் இதே சிப்புதான், நாலுக்கு மேல போகும். நீங்க எதையோ நோண்டியிருக்கீங்க" என்றான். நான் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். சொன்னபோது அதை முழுமனதாக நம்பவும் செய்தேன்.

கணினியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2021இல் வாங்கியது. இன்டெல் கோர் ஐ5-10300ஹெச் ப்ராசசர், 4 ஜிபி நினைவகத்துடன் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ், 8 ஜிபி ராம், நொடிக்கு 144 முறை காட்சியைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் திரை. விளையாட்டுக்கான மடிக்கணினிகளின் வரிசையில் இது கடைசி பெஞ்ச் மாணவன்தான். ஆனால் ஜிடிஏ 5 கணினிகளுக்கு வெளிவந்தது 2015இல்; அந்த வயதுடைய ஒரு விளையாட்டுக்கு இது தாராளமாகப் போதும். ப்ராசசரில் நான்கு கோர்கள், அதாவது வேலை செய்யும் நான்கு மூளைகள்; ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிப்பதால் எட்டு த்ரெட்கள். அதன் அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், வேலை கூடும்போது டர்போ பூஸ்ட் என்ற ஏற்பாட்டின் மூலம் 4.5 வரை தானாகவே ஏறிக்கொள்ளும். இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட தூரத்தில்தான் என் மூன்று ஆண்டுகள் போயின.

எங்கள் வீடு மதுரை செல்லூரில். பகல்பொழுது சிம்மக்கல் பக்கமுள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டி ரிட்டர்னுமாகக் கழியும். இரவு ஒன்பதரைக்கு மேல், சாப்பிட்டு முடித்து மாடியறைக்கு ஏறினால், அடுத்த ஒன்றரை மணி நேரம் எனக்கே எனக்கானது. மாடியறைக்கு மேலே வெறும் மொட்டை மாடி. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், நான் விளையாட உட்காரும் நேரத்தில்தான் அந்தச் சூட்டைக் கீழே இறக்கத் தொடங்கும். மே மாதத்தில் அந்த அறையில் இரவு பத்து மணிக்கு 37 டிகிரி இருப்பது எங்களுக்குப் புதிதல்ல. மடிக்கணினிகளை ஆராய்ந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் 22, 25 டிகிரி உள்ள குளிர்ந்த அறைகளில் சோதிக்கிறார்கள். சிப்பின் வெப்பம் அறையின் வெப்பத்துக்கு மேல் ஏறி நிற்கும் ஓர் எண். அறையில் 12 டிகிரி கூடினால் சிப்பிலும் ஏறக்குறைய அதே 12 கூடும். அவர்களிடம் 85 டிகிரியில் அமைதியாக ஓடும் கணினி என் மாடியறையில் 97ஐத் தொடுவதில் வியப்பில்லை. இந்த ப்ராசசருக்கு இன்டெல் வகுத்திருக்கும் உச்சவரம்பு 100 டிகிரி. அதை நெருங்கினால் சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

2022 கத்திரி வெயிலில் அதுதான் நடந்தது. காற்றாடிகள் போட்ட சத்தத்தைக் கேட்டுக் கீழேயிருந்து அம்மா, "என்னடா மாவு மில்லு மாதிரி" என்று குரல் கொடுத்தாள். அப்போது நான் எங்கோ படித்த ஒரு வழியைக் கையாண்டேன். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குள், மேம்பட்ட அமைப்புகளின் அடியாழத்தில், 'மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 100 விழுக்காடு என்று இருப்பதை 99 என்று மாற்றினால் போதும். ஒரு விழுக்காடுதானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் விண்டோஸின் கணக்கில் 100 என்பது டர்போவையும் உள்ளடக்கிய உச்சநிலை; அதிலிருந்து ஒன்றே ஒன்று குறைந்தாலும் டர்போவின் கதவு முழுவதுமாக மூடிக்கொள்ளும், ப்ராசசர் அடிப்படை வேகத்தோடு நின்றுவிடும். எழுத்தில் ஒரு விழுக்காடு குறைத்த எனக்கு, உண்மையில் 4.5இலிருந்து 2.5க்கு வந்துவிட்ட கணினி கிடைத்தது.

அன்று அது எனக்கு வரமாகத்தான் பட்டது. வெப்பம் 96இலிருந்து 72க்கு இறங்கியது, காற்றாடிகள் அடங்கின, அம்மா தூங்கினாள். இந்த அளவுக்கு வெப்பம் குறைந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு சிப் இயங்கும்போது செலவழிக்கும் மின்திறன் அதன் அதிர்வெண்ணோடு மட்டும் ஏறுவதில்லை, மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுகிறது. அதிர்வெண்ணைக் கூட்ட வேண்டுமென்றால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். ஆகவே கடைசி ஒரு கிகாஹெர்ட்ஸுக்கு நாம் கொடுக்கும் வெப்பம், முதல் ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கொடுத்ததைக் காட்டிலும் பல மடங்கு. அப்போது நான் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டில் வேலை முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் தலையில் இருந்ததால், ப்ராசசர் சுருங்கியது கண்ணுக்கே தெரியவில்லை. ஜூன் பிறந்தது, வெயில் தணிந்தது. அந்த 99 அங்கேயே இருந்தது; நான் மறந்துவிட்டேன்.

மறப்பதென்றால் எப்படி என்பதை என் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நரேஷன், அதாவது காரணக் குறிப்பு, எழுதாத ஒரு ஜர்னல் என்ட்ரியை மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது, போட்டவன் நாமே என்று பயனர் பெயர் சொல்லும். எதற்காகப் போட்டோம் என்பதை எதுவும் சொல்லாது. கணினியிலும் அப்படித்தான். அந்த 99 ஒரு மென்பொருளாக இருந்திருந்தால் நிறுவிய பட்டியலில் தேதியோடு நின்றிருக்கும். அது வெறும் ஓர் எண், அதுவும் 100ஐப் போலவே தோற்றமளிக்கும் எண்.

பிறகு, புதிய விளையாட்டுகளில் திணறல் தெரிந்தபோது, 'கணினியை வேகமாக்கும் பத்து ரகசியங்கள்' வகையைச் சேர்ந்த காணொளிகளைத் தேடிப் போனேன். இல்லாத நோய்க்கு மருந்து தேடுபவன் எந்த மருந்தையும் விடமாட்டான். அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தவறாமல் வரும் ஒன்று எம்எஸ்கான்ஃபிக். ரன் பெட்டியில் அதைத் தட்டச்சு செய்து, பூட் பக்கத்துக்குப் போய், மேம்பட்ட அமைப்புகளில் 'நம்பர் ஆஃப் ப்ராசசர்ஸ்' என்ற கட்டத்தை டிக் செய்து, இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால் கணினி எல்லா கோர்களையும் பயன்படுத்தத் தொடங்கும் என்பார்கள். உண்மையில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும்போதே விண்டோஸ் எல்லா கோர்களையும் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறது. குறைவான ப்ராசசர்கள் உள்ள கணினியில் ஒரு மென்பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று சோதிப்பவர்களுக்காக வைக்கப்பட்ட கட்டம் அது. அதனால் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. காணொளிக்காரர் பேச்சைக் கேட்டுப் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தாலாவது நன்மையும் இன்றித் தீமையும் இன்றிப் போயிருக்கும். நான் அவரைவிட விவரமானவன் அல்லவா? கீழிறங்கும் பட்டியலில் 8 வரை இருப்பதைப் பார்த்து, என் ப்ராசசரில் இருப்பது நான்கே கோர்கள்தானே, எட்டைத் தேர்ந்தெடுத்தால் ஏதாவது கெட்டுவிடப்போகிறது என்று எண்ணி, கவனமாக 4ஐத் தேர்ந்தெடுத்தேன். அந்தப் பட்டியல் எண்ணுவது கோர்களை அல்ல, த்ரெட்களை. எட்டுப் பேர் வேலை செய்த பட்டறையில் நான்கு பேருக்கு அன்றோடு கட்டாய விடுப்புக் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது பேஜிங் ஃபைல். கோப்புகளைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டி ஒரு வரம்புக்கு மேல் எழுதினால் தேய்ந்துவிடும், விண்டோஸ் ராமுக்குத் துணையாக எஸ்எஸ்டியில் எழுதும் இந்தக் கோப்பை நிறுத்தினால் அதன் ஆயுள் கூடும் என்று ஒருவர் சொல்லக் கேட்டு, அதையும் நிறுத்தினேன். கணக்கு எழுதிப் பிழைப்பவன் அன்று ஒரு கணக்குப் போட்டிருக்கலாம். 500 ஜிபி அளவுள்ள எஸ்எஸ்டிகளில் 300 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தருபவை உண்டு. நாள்தோறும் 20 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு 7.3 டெராபைட்தான் ஆகிறது; அந்த 300ஐத் தீர்க்க 41 ஆண்டுகள் வேண்டும். 41 ஆண்டுகளில் நானே தேய்ந்திருப்பேன்.

ஆனால் பேஜிங் ஃபைலை நிறுத்தியதன் விளைவு அன்றே தெரியவில்லை, அதுதான் அதன் தீங்கு. மென்பொருள்கள் தங்களுக்கு வேண்டிய நினைவகத்தை விண்டோஸிடம் முன்பதிவு செய்துகொள்கின்றன. பதிவு செய்த அளவு முழுவதையும் அவை பயன்படுத்துவதில்லை, கல்யாண மண்டபத்தை ஆயிரம் பேருக்குப் பிடித்துவிட்டு அறுநூறு பேரை வரவேற்பது போல. ராமும் பேஜிங் ஃபைலும் சேர்ந்த கூட்டுத்தொகை வரைக்கும் விண்டோஸ் இந்த வாக்குறுதிகளைக் கொடுக்கும். பேஜிங் ஃபைலை எடுத்துவிட்டால் வாக்குறுதியின் எல்லை 8 ஜிபியோடு முடிகிறது. ராமில் உண்மையிலேயே இடம் மிச்சமிருக்கும்போதும், வாக்குக் கொடுக்க இடமில்லாததால் விளையாட்டு ஒரு பிழைச் செய்தியும் காட்டாமல் சட்டென்று மூடிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படி மூடிக்கொண்டதற்கு, விளையாட்டின் கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அதை மூன்றுமுறை மீண்டும் பதிவிறக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நூறு ஜிபி. எஸ்எஸ்டி தேயக் கூடாதென்று தொடங்கிய வேலை இது என்பதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜர் விவகாரம் 2024இல் தொடங்கியது. கணினியோடு வந்த 150 வாட் அடாப்டர் ஒரு செங்கல் அளவும் ஏறக்குறைய அதே கனமும் கொண்டது. மார்ச் மாதத்து வேலை நெருக்கடியில் மடிக்கணினியை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகத் தொடங்கியபோது, அங்கே சும்மா கிடந்த 65 வாட் அடாப்டரின் முனை இதில் கச்சிதமாகப் பொருந்துவதைக் கண்டேன். பொருந்துகிறது, சார்ஜ் ஏறுகிறது, வேறென்ன வேண்டும்? செங்கலைப் பரண்மேல் வைத்துவிட்டுச் சிறியதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். முனை பொருந்துவது வேறு, மின்திறன் போதுவது வேறு என்பதை நான் யோசிக்கவில்லை. ப்ராசசருக்கு 45 வாட், கிராபிக்ஸுக்கு 50 வாட், திரையும் காற்றாடியும் தனி. 65இல் இத்தனைக்கும் எப்படிப் பங்கு பிரிப்பது? பேட்டரியிலிருந்து கடன் வாங்கித்தான். அல்லது எல்லோருடைய பங்கையும் குறைத்துத்தான். என் கணினி இரண்டையும் செய்தது.

அந்த ஏப்ரல் ஞாயிறு, நானும் அக்கா மகனும் பவர் ஆப்ஷன்ஸுக்குள் இறங்கி 99ஐக் கண்டுபிடித்தபோது எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. கத்திரி வெயில், அம்மாவின் குரல், எல்லாமே. அவன் சிரிக்கவில்லை, அது அவனுடைய பெருந்தன்மை. "ஃபார்மேட் போட்டுருவோம் மாமா, இன்னும் என்னென்ன பண்ணி வச்சிருக்கீங்களோ" என்றான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிடிவாதம் என்று அவன் நினைத்திருக்கலாம். ஆனால் ஆண்டுக் கணக்கு டாலி ஆகவில்லை என்றால் புத்தகத்தைக் கிழித்துப்போட்டுப் புதுப் புத்தகம் தொடங்குபவனை எந்த ஆடிட்டரும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார். விண்டோஸை மீண்டும் நிறுவியிருந்தால் நான் செய்த கோளாறுகளில் மூன்று அழிந்திருக்கும். சார்ஜர் சார்ஜராகவே இருந்திருக்கும், அடுத்து நான் சொல்லப்போவதும் அப்படியே இருந்திருக்கும். பாதி சரியான கணினியோடு, புது விண்டோஸும் மெதுவாகத்தான் இருக்கிறது என்ற புதுப் புலம்பலைத் தொடங்கியிருப்பேன்.

மே 12 அன்று அழகர் ஆற்றில் இறங்கும் திருநாள், உள்ளூர் விடுமுறை. விடியலில் குடும்பத்தோடு வைகைக் கரைக்குப் போய், கூட்டத்தில் நசுங்கி, தண்ணீர் பீய்ச்சுபவர்களிடம் தப்பாமல் நனைந்து, பத்து மணிக்கு வீடு திரும்பி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். ஜிடிஏ 5இலேயே ஒரு சோதனை ஓட்டம் உள்ளமைந்து வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே காட்சிகளை ஓட்டி நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படங்கள், திரையில் வருகின்றன என்று காட்டும். ஒரே ஒரு மாற்றம், மூன்று ஓட்டம், சராசரி, பிறகு அடுத்த மாற்றம் என்று வைத்துக்கொண்டேன்.

எதையும் மாற்றாமல் ஓட்டியபோது 38. பவர் ஆப்ஷன்ஸில் 99ஐ 100 ஆக்கியபோது 51. எம்எஸ்கான்ஃபிக்கில் அந்த டிக்கை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்கியபோது 70. இந்த இரண்டாவது மாற்றத்தில் சராசரியைவிட முக்கியமானது ஒன்று நடந்தது; நகருக்குள் வேகமாக வண்டி ஓட்டும்போது அரை நொடி உறைந்து மீளும் அந்தத் தடுமாற்றம் மறைந்துவிட்டது. விளையாடுபவருக்குச் சராசரியைவிட இந்தத் தடுமாற்றம்தான் எரிச்சல். நூறு ஃப்ரேம்களில் தொண்ணூற்றெட்டு ஒழுங்காக வந்து இரண்டு தாமதமானாலும் கை அதை உடனே உணரும். பேஜிங் ஃபைலை விண்டோஸின் பொறுப்பிலேயே திரும்ப விட்டதில் எண் மாறவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை விளையாட்டு தானாக மூடிக்கொண்டதில்லை.

டர்போ திரும்பியதும் புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. சார்ஜர் செருகியிருக்கும்போதே பேட்டரி 94, 91, 87 என்று இறங்கியது. அதுவரை ப்ராசசர் அரைத்தூக்கத்தில் இருந்ததால் 65 வாட் எப்படியோ ஈடுகொடுத்திருக்கிறது. அது விழித்துக்கொண்டதும் பற்றாக்குறை வெளிப்பட்டுவிட்டது. பரணிலிருந்து செங்கலை இறக்கினேன். எண் 86 ஆனது. திரை 60 ஹெர்ட்ஸில் இருப்பதை அக்கா மகன் முன்பே பார்த்துச் சொல்லியிருந்தான், பேட்டரியை மிச்சப்படுத்த என்றோ நான் மாற்றியது. அதையும் 144க்கு மாற்றினேன்.

86 என்ற அந்த எண் பதினைந்து நிமிடங்கள் நின்றது. பிறகு காற்றாடிகள் அலறத் தொடங்கி, வெப்பம் 98ஐத் தொட்டு, ஃப்ரேம்கள் 60க்கும் கீழே சரிந்தன. கீழேயிருந்து அம்மா, "மறுபடியும் மில்லு ஓடுது" என்றாள். மூன்று ஆண்டுகள் சுற்றி நான் மீண்டும் 2022 மே மாதத்துக்கே வந்து சேர்ந்திருந்தேன். அந்த 99 ஒரு நோயே அல்ல; ஒரு நோய்க்கு நான் போட்ட கட்டு. கட்டை அவிழ்த்ததும் புண் அப்படியே இருந்தது.

புண்ணுக்குக் காரணம் இரண்டு, இரண்டுமே பஞ்சு. எங்கள் தெருவில் இன்னமும் விசைத்தறிகள் ஓடுகின்றன. சன்னல் கம்பிகளிலும் கொடியில் காயும் துணியிலும் படியும் பஞ்சுத் தூசி செல்லூர்க்காரர்களுக்குப் பழகிய விஷயம். மடிக்கணினி கீழ்ப்புறமாகக் காற்றை உறிஞ்சிப் பின்புறமாக வெளியேற்றுகிறது; வெளியேறும் வழியில் சூட்டை வாங்கி வெளியேற்ற, தகடு தகடாக அடுக்கிய ஹீட்சிங்க் உண்டு; அந்தத் தகடுகளுக்கு இடையேயுள்ள சந்து ஒரு மில்லிமீட்டர் அளவுதான். சாதாரண மண்தூசி அதன் வழியாகப் பெரும்பாலும் போய்விடும். பஞ்சிழை போகாது, குறுக்கே விழுந்து வலை பின்னி, அந்த வலையில் மண்தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டாவது காரணம், நான் விளையாடுவது போடிநாயக்கனூரிலிருந்து வாங்கிவந்த இலவம்பஞ்சு மெத்தையின் மேல். கணினியின் கனத்துக்கு மெத்தை அமுங்கி, அடியிலுள்ள காற்றுத் துளைகளை அழகாக அடைத்துவிடும். தறிப் பஞ்சுக்கு நான் பொறுப்பல்ல. மெத்தைப் பஞ்சு முழுக்க என் சோம்பேறித்தனம்.

அடுத்த ஞாயிறு அடிமூடியைக் கழற்றினேன். பத்துத் திருகாணிகள். காற்றாடியின் வாயில், தகடுகளின் முழு அகலத்துக்கும், கம்பளித் துண்டு போல ஒரு சாம்பல் நிறப் படலம் இருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது ஒரே துண்டாக உரிந்து வந்தது. அதைத் தாளில் வைத்துப் படம் எடுத்து அக்கா மகனுக்கு அனுப்பினேன். பிளோயரால் ஊதுவதற்கு முன் காற்றாடியை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டேன். ஊதும் வேகத்தில் காற்றாடி அளவுக்கு மீறிச் சுற்றினால் அதன் தாங்கி கெடக்கூடும். இதுவரை எல்லாம் முறைப்படி. இங்கே மூடியை மூடியிருந்தால் இந்தப் பதிவு இரண்டு பத்திகள் குறைந்திருக்கும்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ளும் குணம் எனக்கு உண்டு. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் எப்படி இருக்கிறதென்று பார்த்துவிடலாமே என்று ஹீட்சிங்கையும் கழற்றினேன். பார்த்தேன், காய்ந்துபோயிருந்தது. என்னிடம் புதிய பேஸ்ட் இல்லை. இருந்ததையே விரலால் பரப்பிவிட்டுத் திருப்பி மாட்டினேன். மாட்டும்போதும், திருகாணிகளின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பொறித்திருந்ததைப் பொருட்படுத்தாமல், கைக்கு எட்டிய மூலையை முதலில் முழுவதுமாக முறுக்கினேன். அந்த எண்கள் அலங்காரத்துக்கு அல்ல. எதிரெதிர் மூலைகளைச் சிறிது சிறிதாக முறுக்கினால்தான் செப்புத் தகடு சிப்பின் மேல் சமமாக அமரும். ஒரு மூலை முழுதாக இறங்கினால் எதிர்மூலை கண்ணுக்குத் தெரியாமல் தூக்கிக்கொள்ளும், அந்த இடைவெளியில் காற்று நிற்கும். செப்பின் வெப்பக் கடத்துதிறன் 400 என்று வைத்தால், நல்ல பேஸ்ட் 5 முதல் 8 வரை இருக்கும்; காற்று 0.026. பேஸ்ட்டின் வேலையே அந்தக் காற்றை வெளியேற்றுவதுதான். நான் காற்றை உள்ளே அழைத்துவந்து உட்கார வைத்திருந்தேன். கணினியைப் போட்டதும், விளையாட்டு திறக்கும் முன்பே, வெறும் டெஸ்க்டாப்பில் 90ஐக் கடந்தது.

மறுநாள் டவுன்ஹால் ரோட்டுப் பக்கமுள்ள ஒரு பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்ததும் நிமிர்ந்து பார்த்து, "யாரு சார் இதைக் கழட்டுனது?" என்று கேட்டார். "தெரிஞ்ச பையன் ஒருத்தன்ண்ணே" என்றேன். அந்தப் பொய்க்காக அக்கா மகனிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர் பழையதை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பச்சரிசி அளவில் புதிய பேஸ்ட்டை வைத்து, 1, 2, 3, 4 என்று கால் சுற்றுக் கால் சுற்றாக முறுக்கினார். இன்னொரு 8 ஜிபி ராமையும் அவரிடமே வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஒற்றை ராமில் ஒரே தடத்தில் போய்வந்துகொண்டிருந்த தரவு இப்போது இரண்டு தடங்களில் போகிறது. இந்தக் கதையில் காசு கொடுத்துச் சரிசெய்தவை இவ்வளவே.

இப்போது கணினி மெத்தையில் இல்லை. அம்மா கோலப்பொடி வைத்திருந்த பழைய பலகை ஒன்றின் மேல், அடியில் இரண்டு இன்ச் இடைவெளி விட்டு நிற்கிறது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் 2020இலிருந்து உள்ள 'மேக்ஸ் ஃப்ரேம் ரேட்' என்ற வசதியில் 72 என்று வைத்திருக்கிறேன். 144இல் சரிபாதி என்பதால் காட்சி சீராக ஓடுகிறது, தேவைக்கு மேல் ஃப்ரேம் தயாரிக்கும் வேலையும் அந்த வேலையின் சூடும் இல்லை. கத்திரி முடிவதற்குள் ஓரிரவு சோதித்துப் பார்த்தேன். அறை 36, ப்ராசசர் 84, ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் 72 ஃப்ரேம் 72ஆகவே நின்றது. அந்த 99ஐ நான் தூக்கி எறிந்துவிடவில்லை. டேலிக்கும் ரிட்டர்னுக்கும் டர்போ தேவையில்லை என்பதால் தனியாக ஒரு பவர் பிளான் உருவாக்கி, அதற்கு 'ஆபீஸ் 99 டர்போ இல்லை' என்றே பெயர் வைத்திருக்கிறேன். நோட்டிலும் தேதியோடு எழுதியிருக்கிறேன், நரேஷனுடன்.

நோட்டில் இன்னும் தீராத வரி ஒன்று இருக்கிறது. கடையிலிருந்து வீட்டுக்கு வந்து அறையைப் பெருக்கியபோது மெத்தைக்கு அடியில் ஒரு சின்னத் திருகாணி கிடைத்தது. கடைக்காரர் ஒன்பதுதான் மாட்டினார். நான் கொடுத்ததே ஒன்பதுதான். பத்தாவதை மாட்டிவிடலாமென்று பார்த்தால், அந்தத் துளையின் மரையை நான் கழற்றும்போதே தேய்த்திருக்கிறேன், பிடிக்கவில்லை. காற்றாடிகள் முழுவேகத்தில் சுற்றும்போது அடிமூடியின் அந்த மூலை மட்டும் சிலம்பு போல மெல்ல அதிர்கிறது. அம்மா இன்னும் அதைக் கவனிக்கவில்லை.